பள்ளி விட்ட பிறகு அறிவியல் வகுப்பு: வாசலில் நின்று பெற்றோர் கேட்கும் கேள்விகள்

எங்கள் ஊர் கிளை நூலகத்தின் பின்னறையில் வாரத்துக்கு 2 நாள், மாலை 5 மணியிலிருந்து 6.30 வரை பிள்ளைகளோடு உட்காருகிறேன். 6ஆம் வகுப்பிலிருந்து 9ஆம் வகுப்பு வரை, 18 பேர். நான் பள்ளி ஆசிரியை இல்லை. பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போனவள். கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. பிள்ளையைக் கொண்டுவந்து விட வரும் அம்மா, அப்பா, தாத்தா என்று ஆளுக்கொரு கேள்வி வைத்திருப்பார்கள். வாசலில் நின்றபடி சொல்லும் பதில் எப்போதும் பாதியில் நின்றுவிடுகிறது. அதனால் முழுசாக எழுதிவிட்டேன்.

பள்ளிக்கூடத்திலேயே அறிவியல் பாடம் இருக்கிறதே, மாலையிலும் எதற்கு?

நேரத்துக்காக. பள்ளியில் ஒரு பீரியட் 40, 45 நிமிடம். வகுப்பில் 40 பேர். அதற்குள் வருகைப் பதிவு, பாடம், கேள்வி பதில் எழுதிப்போடுவது எல்லாம் முடிய வேண்டும். ஆசிரியர் மேசைமேல் ஒரு சோதனையைச் செய்துகாட்டலாம். ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் செய்து, தப்பாகி, மறுபடி செய்து பார்க்க மணி அடிப்பதற்குள் முடியாது. இது ஆசிரியரின் குறை இல்லை.

மாலை வகுப்பில் கிடைப்பது அந்தத் தப்பு செய்யும் நேரம்தான். ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். 7ஆம் வகுப்புப் பையன் ஒருவன் 2 பென்டார்ச் செல், ஒரு சிவப்பு எல்.இ.டி., பழைய ஃபேன் மோட்டாரிலிருந்து உருவிய செம்புக் கம்பி, இவற்றை வைத்து விளக்கு எரியவைக்க உட்கார்ந்தான். எரியவில்லை. "செல்லு செத்துப்போச்சு மிஸ்" என்றான். வேறு செல் கொடுத்தேன். அப்போதும் எரியவில்லை. எல்.இ.டி.யின் நீளமான கால் பிளஸ் பக்கம் போகணும் என்று பக்கத்தில் இருந்த பெண் சொன்னாள். திருப்பிப் போட்டான். எரியவில்லை. "அப்ப அது இல்ல" என்று பழையபடியே மாற்றிவிட்டான்.

அங்கேதான் மாட்டிக்கொண்டான். ஏனென்றால் இருந்தது ஒரு பிழை இல்லை, இரண்டு. எல்.இ.டி. தலைகீழாக இருந்தது ஒன்று. மோட்டார் கம்பியின் மேல் கரண்டை விடாத, கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் பூச்சு இருந்தது இன்னொன்று. ஏதாவது ஒன்றை மட்டும் சரிசெய்தால் விளக்கு எரியாது.

நான் வாயைத் திறக்கவில்லை. கரண்ட் போகிற பாதை இருந்தால் பீப் அடித்துக் காட்டும் மல்டிமீட்டரை மட்டும் அவன் பக்கம் தள்ளி வைத்தேன். கம்பியின் இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்தான். பீப் சத்தம் வரவில்லை. செம்பு பளபளவென்று கண்ணுக்குத் தெரிகிறது, கரண்ட் போகவில்லை. கம்பியை விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தான், நகத்தால் சுரண்டினான், உப்புத்தாள் கேட்டு வாங்கித் தேய்த்தான். பீப் வந்தது. எல்.இ.டி.யை மறுபடி திருப்பிப் போட்டதும் எரிந்தது. மொத்தம் 35 நிமிடம். வீட்டுக்குப் போகும் முன் நோட்டில் அவனாகவே ஒரு வரி எழுதியிருந்தான்: "ஒரு தடவைக்கு ஒண்ணுதான் மாத்தணும், மாத்துனத எழுதி வைக்கணும்." முதல் நிமிடத்திலேயே நான் விடையைச் சொல்லியிருந்தால் விளக்கு சீக்கிரம் எரிந்திருக்கும், அந்த வரி வந்திருக்காது. அதற்காகத்தான் மாலை வகுப்பு.

ஒரு மாலை எப்படிப் போகும்?

வந்ததும் ஒரு கைப்பிடி சுண்டலோ கடலை மிட்டாயோ. பசியோடு இருக்கும் பிள்ளையிடம் எதையும் பேச முடியாது. அப்புறம் போன வாரம் யார் எங்கே விட்டார்களோ அங்கிருந்து தொடர்வார்கள். எல்லோரும் ஒரே பொருளைச் செய்ய வேண்டும் என்பதில்லை. கடைசி கால் மணி நேரம் ஒருவர் செய்ததை மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும், வேலை செய்யாததையும் சேர்த்து. பிறகு கம்பித் துண்டுகளைப் பொறுக்கி, டப்பாக்களை மூடி, பெருக்கிவிட்டுக் கிளம்ப வேண்டும். பெருக்குவதில் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை வித்தியாசம் கிடையாது.

எந்த வயதிலிருந்து அனுப்பலாம்?

7, 8 வயது வரை வகுப்பே வேண்டாம். மணல், தண்ணீர், காந்தம், பழைய கடிகாரம், கேள்விக்கு எரிச்சல்படாத ஒரு பெரியவர், இவை போதும். 6ஆம் வகுப்பு நல்ல தொடக்கம். கையில் பிடிமானம் வந்திருக்கும், ஒரு வேலையை இரண்டு வாரம் நினைவில் வைத்திருக்க முடியும். 9ஆம் வகுப்பில் வந்தாலும் தாமதம் இல்லை.

மார்க் கூடுமா?

மார்க்குக்காக அனுப்பாதீர்கள். கூடலாம், கூடாமலும் போகலாம். நான் எந்த வாக்குறுதியும் கொடுப்பதில்லை. இங்கே வந்து பழகிய பிள்ளைகள் பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் வோல்ட்மீட்டரைப் பார்த்துப் பயப்படவில்லை என்று அவர்களே வந்து சொன்னார்கள். அது எனக்குச் சந்தோஷம். ஆனால் கிடைப்பதில் பெரியது வேறு: "தெரியல" என்று கூச்சமில்லாமல் சொல்லவும், அதன் பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கவும் பழகுகிறார்கள்.

ஏற்கெனவே டியூஷன், ஹோம்வொர்க். பிள்ளை களைத்துப்போய் வருகிறது. இதுவும் சேர்ந்தால்?

நியாயமான கவலை. வாரத்தில் 6 நாளும் டியூஷன் போகும் பிள்ளையை 7ஆவது நாளும் உட்காரவைத்தால் அது அறிவியல்மீது வெறுப்பைத்தான் வளர்க்கும். வாரத்துக்கு 1 நாள், அதிகம் போனால் 2 நாள் போதும். இதற்காக டியூஷனில் ஒரு நாளைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். விளையாடும் நேரத்திலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். கபடி ஆடப் போகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் நான் தடுத்ததே இல்லை.

ஊரில் ரோபாட்டிக்ஸ் வகுப்பு வந்திருக்கிறது. மாதம் ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பணம் எவ்வளவு என்பதைவிட உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். சில வருஷம் முன்பு என் மகளை ஒரு மையத்தில் சேர்த்தேன். முதல் நாளே கோட்டைப் பின்தொடர்ந்து ஓடும் குட்டி வண்டி ஒன்றைச் செய்துவிட்டாள். போட்டோ எடுத்தார்கள், சான்றிதழும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்: "கறுப்புக் கோடு வளையுற இடத்துல இது எப்படித் திரும்புது?" அவளுக்குத் தெரியவில்லை. படம் போட்ட தாளில் இருந்த வரிசைப்படி துண்டுகளைச் சேர்த்திருக்கிறாள், அவ்வளவுதான். பிள்ளைமேல் தப்பில்லை. கேள்வி கேட்க அங்கே நேரமே கொடுக்கவில்லை.

அன்று ராத்திரி தரையில் உட்கார்ந்து அதைப் பிரித்தோம். வண்டியின் அடியில் 2 சென்சார், கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அவை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தரையில் அடித்து, திரும்பி வருகிறதா என்று பார்க்கின்றன. வெள்ளைத் தரை ஒளியைத் திருப்பி அனுப்பும், கறுப்புக் கோடு விழுங்கிவிடும். இடது சென்சாருக்கு ஒளி திரும்பவில்லை என்றால் வண்டி வலப்பக்கம் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். உடனே இடது சக்கரம் மெதுவாகும், வண்டி இடப்பக்கம் திரும்பும். இதை விரலால் சென்சாரை மூடி மூடி அவளே கண்டுபிடித்தாள். பிறகு கேட்டாள், "கறுப்புத் தரையில வெள்ளைக் கோடு போட்டா?" அந்தக் கேள்வி வந்ததும்தான் கட்டிய பணம் வீண் போகவில்லை என்று தோன்றியது.

ஆகவே சேர்ப்பதற்கு முன் ஒரு வகுப்பில் நீங்களும் ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள். ஒரு கிட்டுக்கு எத்தனை பிள்ளைகள் என்று பாருங்கள். 4 பேருக்கு ஒன்று என்றால் ஒருவர் செய்வார், மூவர் வேடிக்கை பார்ப்பார்கள். பிள்ளை தப்பாக மாட்டும்போது ஆசிரியர் கையை நீட்டிப் பிடுங்கிச் சரிசெய்கிறாரா, கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாரா? எனக்கு இது ஒன்று போதும். காத்திருக்கிற ஆசிரியர் இருந்தால் தாராளமாகச் சேருங்கள்.

கோடிங் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டுமா? வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையே.

6 வயதில் கோடிங் கற்காவிட்டால் எதிர்காலமே போய்விடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். ஆனால் பழகினால் நல்லது, அதற்குக் கம்ப்யூட்டர் இல்லாமலும் தொடங்கலாம்.

நாங்கள் கோலத்தில் தொடங்குகிறோம். ஒரு பெண் 5 புள்ளி சிக்குக் கோலம் ஒன்றைத் தாளில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்காருவாள். இன்னொரு பிள்ளை சாக்பீஸோடு தரையில். அவள் சொல்வதை மட்டும் கேட்டு இவன் போட வேண்டும். "நேரா போ." எவ்வளவு தூரம்? "புள்ளியைச் சுத்து." எந்தப் பக்கமாக? பாதி வட்டமா, முக்கால் வட்டமா? இரண்டு நிமிடத்தில் கோலம் சிக்கிவிடும். அப்புறம் கட்டளைகளை எழுதுவார்கள், அளவு சேர்ப்பார்கள், "இதையே 4 தடவை செய்" என்று சுருக்குவார்கள். புரோகிராம் எழுதுவது என்பது இதுதான். கோலத்துக்கும் கணினிக்கும் உறவு பழையது. சென்னை கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகியோரும் சேர்ந்து கோலங்களைக் கணினி இலக்கண விதிகளாக எழுதிக்காட்டிய ஆய்வுக் கட்டுரை 1974இல் வெளியானது. வாசலில் தினமும் அம்மா போடுவதைப் பற்றி ஆய்வே இருக்கிறது என்று சொல்லும்போது பெண் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பிறகு யாரிடமாவது ஒரு பழைய லேப்டாப் கிடைத்தால் ஸ்கிராட்ச் என்ற புரோகிராமிங் மென்பொருளைப் போடுங்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 2007இல் வந்தது, முற்றிலும் இலவசம். ஒருமுறை இறக்கிக்கொண்டால் இன்டர்நெட் இல்லாமலும் ஓடும். வண்ணக் கட்டைகளை ஒன்றோடு ஒன்று கோத்து விளையாட்டோ கதையோ செய்யலாம். அதில் பேனாக் கட்டளைகளும் உண்டு. தரையில் போட்ட அதே கோலத்தைத் திரையில் போட வைக்கலாம்.

தமிழ் மீடியம் பிள்ளை. ஆங்கிலம் தெரியாமல் இதெல்லாம் புரியுமா?

புரியும். கம்பிக்கும் செல்லுக்கும் மொழி கிடையாது. நாங்கள் ரெசிஸ்டர் என்றும் சொல்வோம், மின்தடையாக்கி என்றும் சொல்வோம். இரண்டும் காதில் விழட்டும். செய்ததைத் தமிழில் தெளிவாக விளக்க முடிகிற பிள்ளைக்கு நாளைக்கு ஆங்கிலச் சொற்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு, "உன் பாட்டிக்குச் சொல்லு" என்றால் திணறுகிற பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். படிக்கக் கொடுக்க வேண்டுமானால் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் மாத இதழ் இருக்கிறது. 1987இலிருந்து சிறுவர்களுக்காகத் தமிழிலேயே அறிவியல் எழுதிவருகிற பத்திரிகை. எங்கள் அறையில் பழைய இதழ்கள்தான் முதலில் கிழிகின்றன, அவ்வளவு புரட்டுகிறார்கள்.

பெண் பிள்ளை. இருட்டிய பிறகு வரணுமே?

இதற்குப் பதில் சொல்ல வேண்டியது நடத்துபவர்கள்தான். 6.30க்கு முடித்துவிடுகிறோம், மழைக்காலத்தில் 6 மணிக்கே. ஒரே தெருவிலிருந்து வருபவர்களைச் சேர்த்தே அனுப்புகிறோம். எந்த வகுப்பானாலும் இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஆனால் இருட்டைவிட எனக்குக் கவலை தருவது அறைக்குள் நடப்பது. 4 பேர் குழுவாக உட்கார்ந்தால், யாரும் சொல்லாமலே ஸ்க்ரூடிரைவர் பையன் கைக்குப் போய்விடும், நோட்டும் பேனாவும் பெண் கைக்கு வந்துவிடும். "அவ கையெழுத்து அழகா இருக்கும் மிஸ்." பல மாதம் நானும் கவனிக்கவில்லை. இப்போது 15 நிமிடத்துக்கு ஒருமுறை கருவியும் நோட்டும் கைமாற வேண்டும் என்று வைத்திருக்கிறேன். முதல் வாரம் பையன்கள் முனகினார்கள். பிறகு பழகிவிட்டது. உங்கள் பெண் வீட்டுக்கு வந்ததும் "இன்னைக்கு உன் கையால எதை முடுக்கின?" என்று கேளுங்கள்.

நாடு முழுக்க 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் பங்கெடுத்துச் செய்த ஆசாதிசாட் என்ற சிறு செயற்கைக்கோள் 2022 ஆகஸ்ட் 7ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசுப் பெண்கள் பள்ளி மாணவிகளும் அதில் உண்டு. ராக்கெட் சரியான சுற்றுப்பாதையில் விடாததால் செயற்கைக்கோள் போய்விட்டது. அவர்கள் நிறுத்தவில்லை. ஆசாதிசாட்-2 தயாராகி 2023 பிப்ரவரி 10ஆம் தேதி பறந்து, சுற்றுப்பாதையில் சேர்ந்தது. எங்கள் வகுப்பில் ஏதாவது எரியாமல் போய் ஒரு பெண் கண் கலங்கினால் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு என்னென்ன வசதி இருக்கிறது?

பலர் நினைப்பதைவிட அதிகம். 2022 நவம்பர் 28ஆம் தேதி திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம் என்ற தமிழக அரசுத் திட்டம் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை, 13,000க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்கானது. கருத்தாளர்கள் பொருள்களோடு பள்ளிக்கே வந்து பிள்ளைகளைச் சோதனை செய்யவைப்பார்கள். இது பள்ளி நேரத்தில் நடப்பது. மாலை நேரத்துக்கு முன்மாதிரி வேண்டுமென்றால் 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியை நினைத்துப் பாருங்கள். கொரோனாவால் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட, தன்னார்வலர்கள் மாலை 5 மணிக்குமேல் வீட்டுத் திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். பள்ளிக்கு வெளியே, மாலையில், தெரிந்த அக்காவிடம் பிள்ளைகள் ஆசையாக வருவார்கள் என்பதை அப்போது ஊர் ஊராகப் பார்த்தோம்.

மத்திய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகம் 2016இல் வந்த திட்டம், 6 முதல் 12ஆம் வகுப்பு வரை. தேர்வான பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், 3டி பிரிண்டர், சென்சார், மின்னணுப் பொருள்கள் எல்லாம் வரும். எனக்கு வருத்தம் தருவது பூட்டு. நான் போய்ப் பார்த்த ஒரு பள்ளியில் 3டி பிரிண்டர் அட்டைப் பெட்டியைவிட்டே வெளியே வரவில்லை. உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். உங்கள் பள்ளியில் அப்படி ஓர் அறை இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள்: மாலை 4.30 மணிக்குமேல் வாரம் 2 நாள் திறந்து வைக்க முடியுமா, பெற்றோரில் ஒருவர் கூட இருந்தால் போதுமா? சண்டையாகக் கேட்க வேண்டாம், பொறுப்பைப் பங்குபோட்டுக்கொள்கிறோம் என்று சொல்லிக் கேளுங்கள்.

பக்கத்து மாநிலம் கேரளத்தில் 2018இலிருந்து லிட்டில் கைட்ஸ் என்று உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர் கணினி மன்றம் நடக்கிறது. முழுக்க இலவச மென்பொருள்களிலேயே அனிமேஷனும் புரோகிராமிங்கும் எலெக்ட்ரானிக்ஸும் கற்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கும் அது முடியாத காரியம் இல்லை.

கரண்ட், சூடு, கத்தி. ஆபத்து இல்லையா?

இருக்கிறது, அதனால்தான் விதி வைத்திருக்கிறோம். சுவர் பிளக்கில் வரும் 230 வோல்ட்டைப் பிள்ளைகள் தொடவே கூடாது. எல்லாம் செல்லில்தான் ஓடும். கம்பிகளை உருக்கி ஒட்டும் சால்டரை உருக்குகிற சால்டரிங் அயர்ன் முனை 300 டிகிரிக்கு மேல் சூடாகும். 8ஆம் வகுப்புக்கு மேல், ஒரு நேரத்தில் ஒருவர், பக்கத்தில் பெரியவர், ஜன்னல் திறந்திருக்க வேண்டும், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், ஈயம் கலந்த சால்டர் அது. பழைய செல்போன் பேட்டரியைப் பிரிக்கவோ குத்தவோ விடாதீர்கள், தீப்பிடிக்கும்.

வீட்டில் சின்னத் தம்பி தங்கை இருந்தால் இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள்: காசு மாதிரி இருக்கும் பட்டன் செல். குழந்தை அதை விழுங்கிவிட்டால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நாங்கள் பட்டன் செல்லை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதே இல்லை.

கண்காட்சிக்கு மாடல் செய்து தருவீர்களா?

மாட்டேன். கடையில் தெர்மாகோல் எரிமலை வாங்கி, அப்பா பெயின்ட் அடித்து, பிள்ளை பக்கத்தில் நின்று மனப்பாடம் சொல்வது வேண்டாமே. அதற்குப் பதிலாகத் தெருவில் ஒரு கேள்வியைத் தேடச் சொல்வேன். 1993இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு இந்த வழியைத்தான் காட்டியது. 10 முதல் 17 வயதுவரையான பிள்ளைகள் தங்கள் ஊரிலுள்ள ஒரு பிரச்சினையை எடுத்து, அளந்து, கட்டுரையாக்கிக் கொண்டுவர வேண்டும்.

எங்கள் 8ஆம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் தெருக்குழாய்ச் சொட்டை அளந்தார்கள். ஒரு லிட்டர் பாட்டில் நிறைய 20 நிமிடம். அப்படியானால் ஒரு நாளைக்கு 72 லிட்டர், கிட்டத்தட்ட 5 குடம். அந்தக் கணக்கை அட்டையில் எழுதிக் குழாய்க்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டார்கள். அந்த வாரமே யாரோ வாஷர் மாற்றிவிட்டார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது.

யூட்யூபில் எல்லாம் இருக்கிறதே?

இருக்கிறது, நானும் பார்க்கிறேன். வீடியோவில் எல்லாம் முதல் தடவையே வேலை செய்துவிடும். பார்த்த பிறகு செய்து பார்க்க ஒரு மேசையும், வேலை செய்யாதபோது பக்கத்தில் ஓர் ஆளும் வேண்டும்.

என் பிள்ளைக்கு இதிலெல்லாம் ஆர்வமே இல்லை. கட்டாயப்படுத்தலாமா?

வேண்டாம். ஆனால் அறிவியல் என்றால் ரோபோ மட்டும்தான் என்று நினைத்திருந்தால் வேறு கதவைத் திறந்து பாருங்கள். கம்பி, செல் எதையும் தொடாத ஒரு பெண் இருந்தாள். அம்மா கட்டாயப்படுத்தி அனுப்பியது. ஃபோல்டுஸ்கோப் என்று காகிதத்தை மடித்துச் செய்யும் நுண்ணோக்கி ஒன்று உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கியது, 140 மடங்கு பெரிதாகக் காட்டும். அதைக் கொடுத்து, எதை வேண்டுமானாலும் பார் என்றேன். வெளியே போய் செம்பருத்திப் பூவோடு வந்தாள். மகரந்தத்தை ஒரு செலோடேப்பில் ஒற்றி உள்ளே வைத்துப் பார்த்தவள், அரை நிமிடம் அசையவில்லை. "மிஸ், முள்ளு முள்ளா பந்து!" அன்றிலிருந்து யார் வீட்டுப் பூவையும் விட்டுவைப்பதில்லை. ஒவ்வொன்றையும் படம் வரைந்து பெயர் எழுதி வைக்கிறாள். 3 மாதம் பார்த்துவிட்டும் பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், பிள்ளைமேல் கோபப்படாமல்.

எங்கள் தெருவிலேயே தொடங்க ஆசை. எவ்வளவு செலவாகும்?

முதல் 3 மாதத்துக்கு நான் செலவழித்தது 2,000 ரூபாய்க்குள். எல்.இ.டி. ஒன்று இரண்டு மூன்று ரூபாய்தான். பொம்மை மோட்டார், இன்சுலேஷன் டேப், ஒரு சாதாரண மல்டிமீட்டர், கத்தரி. சென்னைக்காரர்களுக்கு எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு இருக்கிறது. மற்ற ஊர்களில் டிவி, ரேடியோ ரிப்பேர் கடைக்காரரைப் பிடியுங்கள். கெட்டுப்போன போர்டுகளைச் சும்மாவே கொடுப்பார், ஆள் நல்லவராக இருந்தால் ஒரு மாலை வந்து பேசவும் செய்வார். எங்கள் வகுப்பில் பிள்ளைகள் மிக மரியாதையாகக் கேட்டது அவர் பேச்சைத்தான்.

பணமே இல்லையென்றால் அரவிந்த் குப்தாவின் பொம்மைகளைத் தேடிப் பாருங்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் வைத்து வடிவியல் சொல்லிக்கொடுக்கப் போனவர். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். அவருடைய வலைத்தளத்தில் நூற்றுக்கணக்கான செய்முறைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. முக்கியமானது பொருள் இல்லை. வாரம் தவறாமல், அதே நாள், அதே நேரம், கதவு திறந்திருக்க வேண்டும். ஒரு வாரம் நீங்கள் வராவிட்டால் பாதிப் பிள்ளைகள் அடுத்த வாரம் வரமாட்டார்கள்.

சரி, முதல் நாள் என்ன செய்வது?

பிள்ளைகளை ஏதாவது ஒரு மரத்தடிக்குக் கூட்டிப்போங்கள், வெயில் இருக்கும்போதே. நிழலுக்குள் சின்னச் சின்ன ஒளி வட்டங்கள் விழுந்திருக்கும். அவை ஏன் வட்டமாக இருக்கின்றன? இலைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி வட்டமாக இல்லையே? இந்த ஒரு கேள்வியை விட்டுவிட்டுச் சும்மா இருங்கள். யாராவது அட்டையில் சதுரமாக ஓட்டை போட்டுப் பார்க்கட்டும், முக்கோணமாகப் போட்டுப் பார்க்கட்டும். ஓட்டை சின்னதாக இருந்து தரையிலிருந்து தள்ளிப் பிடித்தால் எல்லாமே வட்டமாகத்தான் விழும். ஏனென்றால் தரையில் விழுவது ஓட்டையின் வடிவம் இல்லை, சூரியனின் பிம்பம்.

2019 டிசம்பர் 26 காலையில் கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கமெல்லாம் சூரியன் மோதிரம்போல் ஆகும் வளைய சூரிய கிரகணம் தெரிந்தது. அன்று எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே மரத்தடியில் தரை முழுக்க ஒளி மோதிரங்கள் விழுந்து கிடந்தன. அதைப் பார்க்காமல் போன பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

2027 ஆகஸ்ட் 2 திங்கட்கிழமை மாலை ஒரு பகுதி சூரிய கிரகணம் நமக்குத் தெரியும். பள்ளி விட்டு வருகிற நேரம். வெறும் கண்ணால் சூரியனைப் பார்க்க விடாதீர்கள். ஒரு செருப்புப் பெட்டி, ஒரு பக்கம் அலுமினியத் தாளில் ஊசி ஓட்டை, எதிர்ப்பக்கம் வெள்ளைத் தாள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று பெட்டிக்குள் பார்க்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் இப்போதே 6 பெட்டி செய்துவிட்டார்கள். அதில் இரண்டில் வெளிச்சம் கசிகிறது. எங்கே கசிகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.